வீடு திரும்பிய முதல் இரவு

லிப்போசக்ஷன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையில், கொழுப்பை எடுப்பதற்கு முன் தோலுக்கு அடியில் நிறைய திரவத்தைச் செலுத்துகிறார்கள். உப்புநீரில் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தும், ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்த திரவம் அது. அதில் ஒரு பகுதி கொழுப்போடு சேர்ந்து வெளியே வந்துவிடும். மீதி உடலிலேயே தங்கி, மெல்ல மெல்ல ரத்தத்தில் கலக்கும். ரத்தத்தில் லிடோகெய்னின் அளவு உச்சத்தைத் தொட ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகிறது. காலை பத்து மணிக்கு அறுவை அரங்குக்குள் போனவருக்கு அந்த உச்சம் வருவது இரவு பத்து மணியை ஒட்டித்தான். அந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் வீட்டுப் படுக்கையில் இருப்பார். பக்கத்தில் மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை, நாடித்துடிப்பைக் காட்டும் கருவி இல்லை. வாயைச் சுற்றி மரத்துப்போவது, காதில் இரைச்சல், நாக்கு குழறுவது போன்ற முதல் அறிகுறிகளைப் பார்த்தால், மருந்து அளவு மீறிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது. இந்தச் சிகிச்சையைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்செல்லாம் அறுவை அரங்கைச் சுற்றியே இருக்கிறது: எந்த இயந்திரம், எத்தனை லிட்டர், எவ்வளவு கட்டணம். சிகிச்சையின் பலனில் பெரும்பங்கும் ஆபத்தில் பெரும்பங்கும் அரங்கை விட்டு வெளியே வந்த பிறகே தீர்மானமாகின்றன. உடல் ஆறும் காலத்தைச் சிகிச்சையின் பாகமாக மருத்துவமனையும் சட்டமும் குடும்பமும் ஏற்காத வரை, இந்தச் சிகிச்சைக்கு நாம் கொடுக்கும் ஒப்புதல் அரைகுறை ஒப்புதலே என்பது என் வாதம்.

ஆறும் காலம் இப்படிக் கண்ணில் படாமல் போனதற்கு இந்தச் சிகிச்சையின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1920களில் பாரிஸில் சார்ல் துஜாரியே என்ற அறுவை மருத்துவர், ஒரு நடனப் பெண்ணின் காலில் இருந்த கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றார். ரத்தக்குழாய் சேதமாகிக் கால் அழுகியது. கடைசியில் அந்தக் காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு இந்த எண்ணம் பெரிதாகத் தலையெடுக்கவில்லை. 1970களில் இத்தாலியின் ஜார்ஜோ ஃபிஷர் உறிஞ்சுகுழலைக் கொண்டுவந்தார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிரான்ஸின் இவ் ழெரார் இலூஸ் முனை மழுங்கிய குழலைப் பயன்படுத்தி, ரத்தக்குழாய்களும் நரம்புகளும் அறுபடுவதைக் குறைத்தார். 1987-இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன், நீர்த்த லிடோகெய்ன் கரைசலை நிறையச் செலுத்தும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகு ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. முழு மயக்கம் இல்லாமலேயே சிறிய அளவிலான சிகிச்சையைச் செய்ய முடிந்தது. இவை உண்மையான முன்னேற்றங்கள், பல உயிர்களைக் காத்தவை. ஆனால் இவற்றோடு இன்னொன்றும் நடந்தது. அரங்கில் நேரும் தொல்லை குறையக் குறைய, நோயாளி மருத்துவமனையில் தங்கும் நேரமும் குறைந்தது. காலையில் வந்து மாலையில் போகும் சிகிச்சையாக இது மாறியது. ஒரு காலத்தில் மருத்துவமனைக் கட்டில் சுமந்த பொறுப்பு, எந்தப் பயிற்சியும் இல்லாத வீட்டின் தலையில் வந்து இறங்கியது. அந்தக் கைமாற்றத்தை யாரும் அறிவிக்கவில்லை.

வெளியில் தெரியும் காயம் மிகச் சிறியது என்பது இந்தச் சிகிச்சையின் பெரிய ஏமாற்று. தோலில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு நான்கைந்து துளைகள். ஒரு தையல் போட்டோ போடாமலோ விட்டுவிடுவார்கள். உள்ளே நிலைமை வேறு. உறிஞ்சுகுழல் முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான முறை சென்று, கொழுப்புப் படலம் முழுக்கச் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்திருக்கும். வயிறும் இடுப்பும் தொடையும் செய்துகொண்ட ஒருவரின் தோலுக்கு அடியில் இருக்கும் காயத்தின் பரப்பை விரித்துப் பார்த்தால், அது ஒரு பெரிய தீக்காயத்துக்கு நிகராக இருக்கும். உடலும் அதைத் தீக்காயத்தைப் போலவே நடத்துகிறது. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காயம்பட்ட இடத்தில் தேங்குகிறது. நிணநீர்க் குழாய்களும் சிதைந்திருப்பதால் அந்த நீர் எளிதில் வடிவதில்லை. முதல் ஓரிரு நாட்களில் துளைகளின் வழியே இளஞ்சிவப்பாக நீர் ஒழுகிப் படுக்கை நனைகிறது. முன்கூட்டியே சொல்லப்படாதவர்கள் அதை ரத்தப்போக்கு என்று எண்ணிப் பதறுகிறார்கள். பிறகு உடல் அந்தச் சுரங்கங்களைக் கொலாஜன் நார்களால் அடைக்கத் தொடங்குகிறது. தொட்டால் கட்டிகட்டியாக, பலகை மாதிரி இறுகியிருக்கும் கட்டம் இது. அந்த நார்கள் இளகி, சீராகி, தோல் உள்சதையோடு ஒட்டிப் படிய மாதங்கள் ஆகும். இடுப்பைச் சுற்றி அணியச் சொல்லும் இறுக்க உடை இதற்காகத்தான். தேங்கும் நீரைக் குறைத்து, தோல் சுருக்கம் விழாமல் படிய அது உதவுகிறது. பிள்ளை பெற்றவளின் வயிற்றில் துணி கட்டும் வழக்கம் தெரிந்த நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கினால் உடனே புரிந்துவிடும்.

இந்த ஆறும் காலத்தின் கணக்கு, விற்பனைப் பேச்சில் சொல்லப்படும் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. வெள்ளிக்கிழமை செய்துகொண்டு திங்கட்கிழமை அலுவலகம் போகலாம் என்பார்கள். தாடைக்குக் கீழே கொஞ்சம் எடுத்தவருக்கு அது பொருந்தலாம். வயிற்றிலும் தொடையிலும் எடுத்தவர் திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து எழவே சிரமப்படுவார். கன்றிப்போன நிறம் மறைய இரண்டு மூன்று வாரங்கள். இறுக்க உடை மூன்றிலிருந்து ஆறு வாரங்கள் வரை; சென்னையின் மே மாத வெயிலில் இரவும் பகலும் அதை அணிந்திருப்பது எப்படி இருக்கும் என்பதைச் செய்துகொள்ளும் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும். வீக்கத்தின் பெரும்பகுதி வடிய ஒன்றரை மாதம். தோல் மரத்திருப்பது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இறுதி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள், சிலருக்கு ஓராண்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் துளைகள் இருந்த இடங்கள் கருத்துப்போய் நெடுநாள் தங்கும் வாய்ப்பும் அதிகம். முதல் வாரத்தில் எடைபார்க்கும் கருவியில் ஏறியவர்கள், எடை குறைவதற்குப் பதிலாகக் கூடியிருப்பதைக் கண்டு உடைந்துபோகிறார்கள். அது செலுத்திய திரவமும் உடல் தேக்கிவைத்த நீரும் சேர்ந்த எடை, தானே வடிந்துவிடும். இந்த ஒரு வாக்கியத்தை முன்பே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் அழுது கழிக்கும் இரவுகளைத் தவிர்க்கலாம். ஆறும் காலத்தில் வரும் மனச்சோர்வை மருத்துவர்கள் அறிவார்கள். நோயாளிதான் அது தனக்கு மட்டும் வந்த தோல்வி என்று நினைத்துக்கொள்கிறார்.

வடிவமும் மனமும் ஒருபுறம் இருக்கட்டும், உயிரைப் பற்றிய கணக்கும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் கிரேசர், டி ஜாங் என்ற இரு மருத்துவர்கள், 1994 முதல் 1998 வரை நடந்த லிப்போசக்ஷன் சிகிச்சைகளைப் பற்றி அங்குள்ள சான்றுபெற்ற அழகியல் அறுவை நிபுணர்களிடம் விசாரித்து, 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். 4,96,245 சிகிச்சைகளில் 95 மரணங்கள். சுமார் 5,000 பேருக்கு ஒருவர். மரணக் காரணங்களில் முதலிடம் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்புக்கு. கிட்டத்தட்ட நான்கில் ஒரு மரணம் அதனால் நேர்ந்தது. காலில் உறையும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்ச் சேரும் இந்த ஆபத்து, அரங்கில் தொடங்கினாலும் அடுத்த நாட்களிலும் வாரங்களிலும் வெளிப்படுவது. பல மரணங்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் இரவில் நேர்ந்தன என்பதையும் அந்த ஆய்வாளர்கள் குறிப்பிட்டு எச்சரித்தார்கள். 2007 நவம்பரில் பேராசிரியை டோண்டா வெஸ்ட், லிப்போசக்ஷனும் மார்பகச் சிகிச்சையும் செய்துகொண்ட மறுநாள் கலிஃபோர்னியாவில் தன் வீட்டில் சரிந்து இறந்தார். வயது 58. இதயக் குழாய் நோயும், அறுவைக்குப் பிந்தைய பல காரணிகளும் சேர்ந்து மரணத்துக்குக் காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. புகழ்பெற்ற பாடகர் கான்யே வெஸ்டின் தாய் என்பதால் உலகமே பேசியது. 2009-இல் அவர் பெயரால் ஒரு சட்டமும் வந்தது. அழகியல் அறுவைக்கு முன் உடல் பரிசோதனை கட்டாயம் என்றது அந்தச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அவர் உயிர் போனது அறுவைக்குப் பிந்தைய நாளில். சட்டம் கவனம் வைத்தது அறுவைக்கு முந்தைய நாளில்.

இந்த இடத்தில் மருத்துவர்கள் தரப்பிலிருந்து ஒரு நியாயமான மறுப்பு வரும். அந்த 5,000-க்கு ஒன்று என்ற கணக்கு பழையது, எல்லா வகையையும் ஒன்றாகக் கலந்தது; கவனமாகச் செய்தால் இது மிகப் பாதுகாப்பான சிகிச்சை; இப்படி எழுதி மக்களைப் பயமுறுத்தலாமா என்பார்கள். அவர்கள் பக்கமும் சான்று இருக்கிறது. அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவர்கள் செய்த 66,570 சிகிச்சைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வில் ஒரு மரணம்கூட இல்லை. கடுமையான பாதிப்பு ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. நான் இதை மறுக்கவில்லை, என் வாதத்துக்கே இது வலுச் சேர்க்கிறது. அந்த மருத்துவர்கள் பெரும்பாலும் இடமரப்பிலேயே, குறைந்த அளவில் செய்தவர்கள். நோயாளி விழித்திருந்து, முடிந்ததும் எழுந்து நடந்தார். ஆபத்து கூடுவது ஒரே அமர்வில் 5 லிட்டருக்கு மேல் எடுக்கும்போது, வயிற்றுத் தோல் நீக்கம் போன்ற வேறு அறுவைகளை அதனோடு சேர்க்கும்போது, முழு மயக்கம் கொடுக்கும்போது. 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் இரவு முழுக்கக் கண்காணிக்கும் வசதியுள்ள இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சங்கமே சொல்கிறது. ஆக, எவ்வளவு எடுப்பது என்ற கேள்வியும் உடல் எப்படி ஆறும் என்ற கேள்வியும் ஒன்றே. ஆறும் காலத்தை வைத்து அளவை முடிவு செய்யும் மருத்துவரிடம் போனவர் பாதுகாப்பாக வீடு திரும்புகிறார். ‘ஒரே தடவையில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம், செலவு மிச்சம்’ என்ற பேச்சுக்கு இணங்கியவரின் உடல்தான் அந்த மிச்சத்தின் விலையைக் கட்டுகிறது.

ஊர்விட்டு ஊர் போய்ச் செய்துகொள்வதில் இந்த விலை இன்னும் கூடுகிறது. குறைந்த செலவில் அழகியல் அறுவை செய்துகொள்ள டொமினிக்கன் குடியரசுக்குப் போன அமெரிக்கர்களில், 2009 முதல் 2022 வரை 93 பேர் இறந்ததாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2024-இல் அறிவித்தது. விரிவாக ஆராயப்பட்ட மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ரத்தக்கட்டியோ கொழுப்புத் துகளோ நுரையீரலை அடைத்தது. ஒரே அமர்வில் பல அறுவைகளைச் சேர்த்துச் செய்துகொண்டவர்கள் அவர்களில் நிறையப் பேர். கரீபியன் தீவுச் செய்திதானே என்று நாம் கடந்துவிட முடியாது. இலங்கையிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்களை வரவேற்கும் நகரம் சென்னை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலைசெய்யும் நம்மவர்கள், இரண்டு மூன்று வார விடுமுறையில் வந்து, பல் வைத்தியத்திலிருந்து கண் அறுவை வரை எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள். லிப்போசக்ஷன் இந்த அட்டவணைக்குள் அடங்காது. ரத்தம் உறையும் வாய்ப்பு மிகுந்திருக்கும் நாட்களில் விமான இருக்கையில் மணிக்கணக்கில் கால் மடக்கி உட்காருவது, அந்த வாய்ப்பை வலிந்து கூட்டுவது. காயத்தில் நீர்க்கட்டு வந்தாலோ, மெதுவாக வளரும் மைக்கோபாக்டீரியா தொற்று வாரங்கள் கழித்துத் தலைகாட்டினாலோ, அறுவை செய்த மருத்துவர் ஒரு நாட்டில், நோயாளி இன்னொரு நாட்டில். டொமினிக்கன் குடியரசுக்குப் போய்வந்தவர்களிடம் இந்தத் தொற்றும் காணப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் நம் சமூகத்தில் இந்த ஆபத்தை வளர்ப்பது தூரத்தைவிட ஒளிவுமறைவுதான் என்று நினைக்கிறேன். 2022 மே மாதம் பெங்களூரில், 21 வயதுக் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் இறந்தார். பெற்றோரிடம் சொல்லாமல் தோழியரோடு போயிருந்தார் என்று அன்றைய செய்திகள் கூறின. அந்தச் செய்திகளுக்குக் கீழே அந்தப் பெண்ணின் ஆசையைப் பழித்து எழுதியவர்கள் எத்தனையோ பேர். ‘அழகுக்காகப் போனாள், அனுபவித்தாள்’ என்ற அந்தக் குரல்தான் அடுத்த பெண்ணையும் வீட்டில் சொல்லாமல் போக வைக்கிறது. ஓர் உண்மையை நாம் நேராகப் பார்க்க வேண்டும். குண்டாக இருப்பவளைக் கல்யாண வீட்டிலும் அலுவலகத்திலும் வாய் கூசாமல் கேலி செய்கிறோம். திரையில் நாற்பது ஆண்டுகளாக அந்தக் கேலியை நகைச்சுவை என்று பார்த்துச் சிரித்திருக்கிறோம். அந்தக் கேலிக்குத் தப்ப அவள் ஒரு வழி தேடினால், அதற்கும் பழிக்கிறோம். ஆண்களுக்கும் இதே கதை. மார்பு பெண்ணுக்குப் போல் வளர்ந்துவிட்ட இளைஞன், கல்லூரி விடுதியில் சட்டையைக் கழற்றக் கூசி, யாருக்கும் தெரியாமல் கடன் வாங்கி அறுவை செய்துகொள்கிறான். தனி அறையில் தனியாக வலியைத் தாங்குகிறான். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் ஓய்வும் பத்தியமும் கவனிப்பும் தரும் சமூகம் இது. உடல் ஆறக் காலம் வேண்டும் என்பது நமக்குத் தெரியாத பாடமல்ல. எதற்காகக் காயம் பட்டது என்று பார்த்துத்தான் அந்தக் கவனிப்பைத் தருகிறோம். காயத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

சொல்லிவிட்டுச் செய்துகொண்டவர்களுக்கும் வீட்டில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. அறுவைக்குப் பின் ஆறுவதைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் நம்பிக்கைகளில் சில, இந்தச் சிகிச்சைக்கு நேர் எதிரானவை. ‘தண்ணீர் நிறையக் குடித்தால் புண் ஆறாது, சீழ் வைக்கும்’ என்பது ஒன்று. உடலின் நீர் காயத்துக்குள் இறங்கியிருக்கும் முதல் நாட்களில் தண்ணீரைக் குறைத்தால் மயக்கம் வரும், ரத்தம் கெட்டிப்படும், உறையும் வாய்ப்பு கூடும். முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் விலக்கிக் கஞ்சியும் ரசமும் மட்டும் தருவது இன்னொன்று. காயத்தை அடைக்கும் கொலாஜன் புரதத்திலிருந்து வருவது. புரதத்தை நிறுத்திவிட்டுக் காயத்தை ஆறச் சொல்வது செங்கல் தராமல் சுவர் கேட்பது போல. ‘அசையாமல் படு’ என்பது அன்போடு சொல்லப்படுவது, ஆனால் ஆபத்தானது. அறுவை முடிந்த அன்றே வீட்டுக்குள் மெல்ல நடக்கத் தொடங்குவதுதான் காலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் எளிய மருந்து. பாரம் தூக்குவதையும் குனிந்து நிமிரும் வேலையையும்தான் தள்ளிப்போட வேண்டும், நடையை அல்ல. வலிக்கிறதே என்று வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பதும் கூடாது. தோல் மரத்திருப்பதால் சூடு உறைக்காது. தோல் வெந்த பிறகே தெரியும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை. ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும். எரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகள் லிடோகெய்ன் உடலை விட்டு வெளியேறுவதையே தாமதப்படுத்தும். இவற்றையெல்லாம் தாளில் தமிழில் எழுதி, கவனித்துக்கொள்ளப் போகும் தாயிடமோ மனைவியிடமோ அண்ணனிடமோ உட்கார்ந்து விளக்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரம் ஒதுக்கப்படாமல் போவதுதான் என் வருத்தம்.

ஆறும் காலம் சிகிச்சையின் வால் அல்ல, சிகிச்சையே அதுதான் என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஸ்வீடனில் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் நிணநீர் தேங்கிக் கை பருத்துப்போன பெண்களுக்கு, மால்மோ நகரின் அறுவை மருத்துவர் ஹோகன் ப்ரோர்சன் 1987-இல் லிப்போசக்ஷன் செய்யத் தொடங்கினார். நாட்பட்ட நிணநீர் வீக்கத்தில் நீரோடு கொழுப்பும் சேர்ந்துவிடுகிறது. அதை இறுக்கக் கட்டுகளால் மட்டும் கரைக்க முடிவதில்லை. அவருடைய நோயாளிகளில் பருத்த கை மற்ற கையின் அளவுக்கே இறங்குகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இறுக்க உறையை வாழ்நாள் முழுக்க அணிய வேண்டும். கழற்றினால் வீக்கம் திரும்பிவிடும். அதை ஏற்காதவர்களுக்கு அங்கே அறுவையே செய்வதில்லை. அழகுக்காகச் செய்துகொள்பவர்களிடமும் உடல் இதே பாடத்தைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 32 பெண்களிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. லிப்போசக்ஷன் செய்துகொண்டவர்களின் மொத்தக் கொழுப்பு ஓராண்டில் பழைய அளவுக்கே திரும்பியிருந்தது. எடுத்த தொடையில் வராமல், வயிற்றில் சேர்ந்திருந்தது. பிரேசிலில் 2012-இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. வயிற்றிலிருந்து கொழுப்பு எடுத்த பெண்களில் உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு, ஆறு மாதத்தில் குடலைச் சுற்றிய உள்கொழுப்பு 10 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு மாதம் ஆறிய பிறகு பயிற்சி தொடங்கியவர்களுக்குக் கூடவில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட இந்த உள்கொழுப்பே உடலுக்குக் கெடுதல். அறுவைக்குப் பிந்தைய ஆறு மாதங்களைக் கைவிட்டவர், காசு கொடுத்துக் கெடுதலை இடம் மாற்றிக்கொண்டவராகிறார்.

சர்க்கரை நோயுள்ளவர்கள் ஒரு தவறான நம்பிக்கையோடு இதற்கு வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் சாமுவேல் கிளைனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமனான 15 பெண்களிடமிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 7 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு சர்க்கரையிலோ ரத்த அழுத்தத்திலோ கொலஸ்டிராலிலோ முன்னேற்றம் இல்லை. 10 கோடிக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகள் வாழும் நாட்டில் இதை உரக்கச் சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சை சர்க்கரைக்கு மருந்தல்ல. சர்க்கரையோ காயத்தை ஆற விடாது, தொற்றை எளிதில் வரவழைக்கும்.

சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லிப் பெற்றால்தான் நோயாளியின் ஒப்புதல் செல்லும் என்றது. உயிர் காக்கும் அவசரம் எதுவும் இல்லாத அழகியல் அறுவைக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். ஆறு வார இறுக்க உடையும், ஆறு மாதக் காத்திருப்பும், முதல் இரவின் அறிகுறிகளும் ஒப்புதல் படிவத்தில் இல்லையென்றால், அந்தக் கையெழுத்து எதற்கு இடப்பட்டது? 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், காணொளி பார்த்தோ பயிலரங்கில் உட்கார்ந்தோ அழகியல் சிகிச்சைகளைத் தொடங்கிவிட முடியாது, முறையான பயிற்சி வேண்டும் என்று எச்சரித்தது. யார் செய்யலாம் என்பதை அது பேசியது. செய்த பிறகு யார் பொறுப்பு என்பதையும் பேச வேண்டிய நேரம் இது. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகளிலேயே இதைச் சேர்க்கலாம்: லிப்போசக்ஷன் செய்யும் ஒவ்வொரு இடமும் தமிழில் எழுதிய ஆறும்காலக் குறிப்பைத் தர வேண்டும், முதல் மூன்று இரவுகளுக்கு மருத்துவர் எடுக்கும் தொலைபேசி எண் வேண்டும், துணைக்கு ஆள் இல்லாதவரை அன்றிரவு வீட்டுக்கு அனுப்பக் கூடாது, தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடம், அருகிலுள்ள ஒரு பெரிய மருத்துவமனையோடு எழுத்து மூலம் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், மரணமும் கடும் பாதிப்பும் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். இதனால் கட்டணம் கூடும் என்பார்கள். கூடட்டும். மருத்துவக் காப்பீடு அழகியல் அறுவைக்குப் பணம் தருவதில்லை. சிக்கல் வந்து தீவிர சிகிச்சையில் ஒரு வாரம் கிடந்தால் அந்தச் செலவும் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழும். இன்று மலிவாகத் தெரியும் கட்டணத்தில் இந்தச் செலவு ஒளிந்திருக்கிறது. அதை முன்னாலேயே சேர்த்துச் சொன்னால், தாங்க முடிந்தவர் செய்துகொள்வார், முடியாதவர் காத்திருப்பார்.

விதிகள் வரும் வரை வாசகர்கள் தாங்களே செய்யக்கூடியவை இருக்கின்றன. இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள முடிவெடுத்திருக்கிறீர்கள் என்றால், அது உங்கள் உடல், உங்கள் முடிவு. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். மருத்துவரிடம் எத்தனை லிட்டர் எடுப்பீர்கள் என்று கேட்கும்போது, அன்று நள்ளிரவில் நான் அழைத்தால் யார் எடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்றால், பழிப்பதை இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், பேச்சு குழறினால், மனம் குழம்பினால், உடலில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பினால், மாத்திரைக்கு அடங்காத வயிற்றுவலி வந்தால், காய்ச்சலோடு தோல் கருத்துக்கொண்டே போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடம் எதையும் மறைக்காமல் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: இவருக்கு லிப்போசக்ஷன் நடந்திருக்கிறது, இத்தனை மணி நேரத்துக்கு முன்பு.